மூடி திறந்திருந்ததா

ஏசியிலிருந்து ஒரு சொட்டு என் மணிக்கட்டில் விழுந்தது, துடைத்துவிட்டேன், துடைத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன், அதன் பிறகுதான் துடைத்த விதம் உறைத்தது. இதே மாதிரி ஒரு சொட்டை நான் முன்பும் துடைத்திருக்கிறேன். என்ன ஏது என்று பார்க்காமல், புறங்கையால், வேறு எதையோ பேசிக்கொண்டே. எங்கே? அது கையில் இல்லை, கன்னத்தில். தலையில் ஹெல்மெட் இருந்தது, அதன் வார் தாடைக்கடியில் உறுத்திக்கொண்டிருந்தது, அப்படியானால் இந்த நாடே இல்லை, அங்கேதான், பூமிக்கடியில் நூறு மீட்டர் ஆழத்தில், எங்கள் கருவி நிற்கும் அந்தக் குகையில், போன குளிர்காலம். பூமிக்கடியில் நூறு மீட்டரில் நின்றவள் கன்னத்தில் சொட்டு எப்படி விழும்? பைப்பாக இருக்கும். அங்கே கண்ட இடமெல்லாம் பைப்தான், கருவியைக் குளிர்விக்க ராத்திரி பகலாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், எங்காவது ஒரு மூட்டு கசிந்திருக்கும். பைப்தான். திரையில் கட்டம் கட்டமாக முகங்கள், யாரோ ஒருவர் வேறு ஒரு தேடலைப் பற்றி ஆங்கிலத்தில் வாசித்துக்கொண்டிருக்கிறார், அவர் முடித்ததும் இன்னொருவர், அதன் பிறகு நாங்கள். பைப்தான். இதை எதற்கு மூன்றாவது தடவை சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் ஆராய்ச்சி மாணவன் நாச்சியப்பன் பிளாஸ்டிக் வாளியை எடுத்துவந்து ஏசிக்குக் கீழே வைத்தான். "ஆபீஸ்ல சொல்லிச் சொல்லி வாய் வலிக்குதுக்கா, ஒருத்தன் வரமாட்டேங்கிறான்," என்றான். சென்னை வெயிலில் இந்த அறையை மட்டும் ஐஸ் பெட்டி மாதிரி வைத்திருக்கிறார்கள், அவன் வழக்கம்போல அந்தச் சந்தன நிற ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டிருக்கிறான், அவனுக்கு நிச்சயமான வள்ளியம்மை வாங்கிக் கொடுத்தது, அதைக் கழற்றினால் கல்யாணமே நின்றுவிடும் என்பது போல. மேஜைமேல் அவன் வாங்கிவந்த ஸ்வீட் பெட்டி, நூல் கட்டியபடி. பெட்டியைத் திறந்த பிறகுதான் பெட்டியைத் திறப்பேன் என்று காலையிலேயே ஒரு ஜோக் அடித்துவிட்டான், நானும் சிரித்தேன். எங்கள் பெட்டி நிஜப் பெட்டி இல்லை. இரண்டு வருஷமாகக் கருவி பதிந்ததில், நாங்கள் தேடுவது எங்கே தெரியுமோ அந்தப் பகுதியை மட்டும் யார் கண்ணிலும் படாமல் மறைத்து வைத்திருக்கிறோம், அதற்குத்தான் பெட்டி என்று பெயர். திறப்பதற்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. புதிதாக எதுவுமே இல்லையென்றால் பெட்டிக்குள் எத்தனை இருக்க வேண்டும் என்று கணக்கிட்டவர், அந்த எண்ணை எல்லாரும் கேட்கும்படி வாசித்து, உறைந்தது என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு யார் காலில் விழுந்தாலும் எண்ணை மாற்ற முடியாது. மனுஷப் புத்தி அப்படி, பார்த்த பிறகு கணக்கைத் தனக்கு வேண்டிய பக்கம் வளைக்கும், வளைத்தது தனக்கே தெரியாமல் வளைக்கும். அதனால் முதலில் எண், பிறகு கண். கணக்கிட்டவள் நான். எண் பதினொன்று. உறைந்தது என்று சொல்ல வேண்டிய வாய் இந்த வாய்தான்.

பதினொன்று எங்கிருந்து வந்தது? அதை எத்தனை பேருக்கு எத்தனை தடவை விளக்கியிருக்கிறேன், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், ஆனால் இப்போது முதல் தடவை சொல்வது போல ஒவ்வொரு படியிலும் கால் தடுக்குகிறது. புரோட்டான்களை எதிரெதிரே ஓடவிட்டு மோதவிடுகிறார்கள். அந்த மோதலில் பிறக்கும் ஏதோ ஒரு கனமான துகள், ஓடிப்போகாமல் கருவியின் இரும்புக்குள்ளேயே சிக்கி, எல்லாம் அடங்கிய பிறகு சாவகாசமாகச் சிதையலாம் என்பது எங்கள் ஆசை. அதனால் நாங்கள் மோதலின் ஆரவாரத்தில் தேடுவதில்லை, மோதல் இல்லாத சின்னச் சின்ன இடைவெளிகளில் தேடுகிறோம். அந்த அமைதியில் ஒரு மினுக்கு. ஆனால் மினுக்குகிறதெல்லாம் நாங்கள் தேடுவது இல்லை. வானத்திலிருந்து மியூவான் என்ற துகள்கள் ஓயாமல் பொழிகின்றன, கூரையைத் துளைத்து, இதோ என் உச்சந்தலையைத் துளைத்து, மண்ணையும் பாறையையும் துளைத்து, சில அந்தக் குகைவரை போய்விடும், போய் அதே மாதிரி மினுக்கும். அவைதான் எங்களுக்குப் பின்னணி. எத்தனை பின்னணி என்று தெரியாமல் எதையும் புதியது என்று சொல்ல முடியாது. மோதவிடும் எந்திரத்தை முழுக்க நிறுத்தியிருந்த குளிர்காலத்தின் முதல் மாதம், மோதலே இல்லாத மாதம், வந்ததெல்லாம் வானத்திலிருந்து வந்ததாகத்தான் இருக்க முடியும். அதை எண்ணினேன். அதே வேகத்தில் நம் இடைவெளிகளுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். பதினொன்று. நான் எண்ணிய மாதத்தில் கூரை என்னவாக இருந்ததோ, மோதல் நடந்த மாதங்களிலும் அதே கூரை இருந்திருந்தால், பதினொன்று. ஆனால் குகைக்கு மேலே ஒரு கிணறு இருக்கிறது, கருவியைத் துண்டு துண்டாக உள்ளே இறக்கிய பெருங்கிணறு, அதன் வாயில் ஒரு வீடு கனத்துக்குக் கான்கிரீட் மூடி. எந்திரம் ஓடும்போது மூடி மூடியிருக்கும். வேலைக்கு நிறுத்தும்போது நகர்த்துவார்கள். அந்தக் குளிர்காலத்தில் இரண்டாவது மாதம்தான் நகர்த்துவதாகத் திட்டம். நான் கேட்டேன், கேட்காமல் இல்லை, திட்டப்படி முதல் மாதம் மூடித்தான் இருந்தது என்று பதில் வந்தது. திட்டப்படி. இந்த வார்த்தை அன்றைக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது. நானும் நாச்சியப்பனும் கேபிள் பார்க்கக் கீழே போனது முதல் மாதம். அன்று மேலே தூறல், குடையை வாசலில் வைத்துவிட்டு லிப்டில் இறங்கினோம். என் கன்னத்தில் விழுந்தது பைப் தண்ணீர் இல்லை, மழைத்துளி என்றால், மூடி திறந்திருந்தது. மழை இறங்கிய வழியில் மியூவானும் கூடுதலாக இறங்கியிருக்கும். நான் எண்ணியது திறந்த கிணற்றின் கணக்கு. மூடிய கிணற்றுக்குப் பதினொன்று கிடையாது, எட்டாக இருக்கலாம், ஏழாகக்கூட இருக்கலாம். பெட்டியைத் திறந்து பதினொன்று இருந்தால் எல்லாரும் கைதட்டி, கணிப்பு அச்சு அசலாக வந்திருக்கிறது, புதிதாக ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பதினொன்றில் மூன்றோ நான்கோ வேறு எதுவாகவும் இருக்கலாம், இந்த உலகத்தில் யாருமே பார்க்காத ஒன்று, அது என் எண்ணுக்கடியில் நசுங்கிக் கிடக்கும். பிறகு நான் எழுந்து, மூடி திறந்திருந்தது, மழை பெய்தது என்று சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்க வேண்டும், அதுதான் விதி, பார்த்த பிறகு பேசுகிறவளை நம்பக்கூடாது. பேசுவதானால் இப்போது. இன்னும் ஒருவர் வாசித்து முடிப்பதற்குள். அங்கே திட்டத்தை விட்டு வேலைப் பதிவேட்டைப் பார்க்கச் சொன்னால் மூடியை நிஜமாக எப்போது நகர்த்தினார்கள் என்று தெரிந்துவிடும், இரண்டு மூன்று நாளில் பதில் வந்துவிடும், ஆனால் அதற்கு இன்றைக்கு நிறுத்த வேண்டும், நிறுத்தினால் எண் மாறும், எண் மாறினால் பரிசீலனை எல்லாம் முதலிலிருந்து, மாதக்கணக்கில். ஒரு சொட்டுக்காக.

ஒரு சொட்டுக்காக என்று நினைக்கும்போதே அம்மா ஞாபகம் வந்துவிட்டது. திருவெறும்பூரில் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் புறப்பட்டால், பாலக்கரை வருவதற்குள் அம்மாவின் கை என் தோளை இறுக்கும். "ஏங்க, கேஸை மூடினேனா?" "மூடினே." "பாத்தீங்களா?" "பாத்தேன்." "நெசமா பாத்தீங்களா?" அங்கே அப்பா வாயை மூடிக்கொள்வார், ஏனென்றால் பார்த்திருக்கமாட்டார், மனுஷன் வாய்தவறிக்கூடப் பொய் சொல்லமாட்டார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எதிர் பஸ்ஸில் வீடு. கேஸ் மூடியிருக்கும். ஒவ்வொரு தடவையும் மூடித்தான் இருந்தது, அதுதான் வினை. ஒரு தடவையாவது திறந்திருந்தால் அம்மாவுக்கு மரியாதை கிடைத்திருக்கும், எங்களுக்கும் அவளைப் பார்த்து எரிச்சல் வந்திருக்காது. நான் அவளைப் போல் ஆகமாட்டேன் என்று அந்தப் பஸ்களில் சத்தியம் செய்தவள்தான் நான். பிறகு படித்து, பட்டம் வாங்கி, உலகத்திலேயே பெரிய எந்திரத்தில் போய் உட்கார்ந்து, கேஸை மூடினேனா. இரண்டு தடவை இந்தக் குழுவை நான் நிறுத்தியிருக்கிறேன். முதல் தடவை கருவியின் இரண்டு பகுதிகளுக்கும் கடிகாரம் ஒத்துப்போகவில்லை என்று, ஒத்துப்போயிருந்தது. அடுத்து, மின்னணு இரைச்சலை இரண்டு முறை சேர்த்துவிட்டேன் என்று அலறினேன், ஒரு முறைதான் சேர்த்திருந்தேன். ஹெல்கா, அங்கிருந்து எங்களை மேய்ப்பவர், திலகவதியின் மனசாட்சிக்கு ஓவர்டைம் சம்பளம் கொடுக்க வேண்டும் என்றார், நல்ல மனசோடுதான் சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள், நான்தான் அதிகமாகச் சிரித்தேன். அப்படிப் பார்த்தால் என் பயத்துக்கே ஒரு பின்னணி இருக்கிறது. வெயில் அடித்தாலும் மழை பெய்தாலும் அது ஒரே மாதிரிதான் பொழியும். இப்போது பொழிவதில் எவ்வளவு வழக்கமானது, எவ்வளவு நிஜம்? இதுவரை ஒன்றும் நிஜமில்லை என்பதால் இதுவும் நிஜமில்லை என்று எந்த மாணவனாவது என்னிடம் எழுதிக்கொண்டு வந்தால் அவன் காதைத் திருகியிருப்பேன்.

நாச்சியப்பனிடம் கேட்டால் என்ன. அவனும் பக்கத்தில்தானே நின்றான். கேட்கக்கூடாது, அவன் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் இந்தப் பெட்டி, உதவித்தொகை தீர்ந்து அப்பா காசில் சாப்பிடுகிறான், கல்யாணப் பத்திரிகையில் பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட வேண்டும் என்று மாமனார் வீட்டில் அச்சகத்தையே காக்க வைத்திருக்கிறார்கள். அவனிடம் கேட்பது அவன் கழுத்தில் கத்தியை வைத்துவிட்டு வலிக்கிறதா என்று கேட்பது. மைக் அணைந்திருக்கிறதா என்று பார்த்தேன், மறுபடியும் பார்த்தேன். "நாச்சி, போன குளிர்ல கீழே போனோமே, கேபிள் பாக்க." "ஆமாக்கா." "அங்க உன் மேல தண்ணி பட்டுச்சா?" அவன் என்னைப் பார்த்தான். அவன் மக்கு இல்லை. தண்ணீர் என்றால் என்ன, மேலே என்ன இருந்தது, அதற்கு என்ன அர்த்தம் என்று நான் இவ்வளவு நேரம் உருட்டியதை அவன் ஒரே மூச்சில் கடந்துபோனது முகத்தில் தெரிந்தது. பிறகு ஸ்வீட் பெட்டியின் நூலைப் பார்த்தான். "ஞாபகம் இல்லக்கா." "கொஞ்சம் யோசிச்சுப் பாரேன்." "பைப் ஒழுகுதுன்னு நீங்கதான் சொன்னீங்க. அது ஞாபகம் இருக்கு." அப்புறம் ஸ்வெட்டரின் வலது தோளைத் தேய்க்க ஆரம்பித்தான், குளிருகிறவன் தேய்ப்பது மாதிரி, ஆனால் ஒரே இடத்தை.

நான்தான் சொன்னேனா. பைப் ஒழுகுது என்று நான்தான் சொல்லியிருக்கிறேன். ஆக அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், கன்னத்தில் ஈரம் காய்வதற்குள். எதை வைத்து? நிமிர்ந்து பார்த்தேனா? பார்த்திருந்தால் ஞாபகம் இருக்கும், அந்தக் கிணறு திறந்திருந்தால் நூறு மீட்டர் உயரத்தில் வட்டமாக வானம் தெரியும் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள், புகைப்படம் எடுப்பார்கள். எனக்கு அந்த வட்டம் ஞாபகத்தில் இல்லை. இல்லை என்றால் மூடி மூடியிருந்தது. இல்லை, அப்படி இல்லை, அவசரப்படாதே, வட்டம் ஞாபகத்தில் இல்லை என்பதற்கு வட்டமே இல்லை என்றும் அர்த்தம், நான் பார்க்கவே இல்லை என்றும் அர்த்தம். நான் பார்க்கமாட்டேன். மலைக்கோட்டை உச்சியிலிருந்து கீழே பார்க்கும்போது உள்ளங்காலில் ஒரு கூச்சம் வருமே, எனக்கு அது கீழே நின்று மேலே பார்த்தாலும் வரும். கோயில் கோபுரத்தைக்கூட நான் முழுசாக அண்ணாந்து பார்த்ததில்லை. அந்தக் குகைக்குப் போன ஒவ்வொரு தடவையும் தரையையும் கேபிளையும் முன்னால் போகிறவன் பூட்ஸையும்தான் பார்த்திருக்கிறேன். சொட்டு விழுந்தது, பயமாக இருந்தது, பைப் என்று சொல்லிவிட்டேன், சொன்னதும் பயம் போய்விட்டது, அதற்குப் பிறகு பைப் உண்மையாகிவிட்டது. சொட்டு எப்படி இருந்தது? சில்லென்று. பைப் தண்ணீரும் சில்லென்றுதான் இருக்கும். பெரியதா? எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது? கன்னம் என்ன தராசா. ஒருவேளை சொட்டே விழவில்லையோ, ஏசி சொட்டியதும் பயந்தாங்கொள்ளி மூளை தனக்கு வேண்டிய சொட்டைத் தானே செய்துகொண்டதோ. இல்லை, விழுந்தது, நாச்சியப்பனுக்கு பைப் என்று நான் சொன்னது ஞாபகம் இருக்கிறதே, சொட்டில்லாமல் பைப் என்று ஏன் சொல்வேன். விழுந்தது. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். மழை என்றும் தெரியாது, பைப் என்றும் தெரியாது, தெரியாது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். தெரியாத ஒன்றின் மேல் உறைந்தது என்று சொல்லச் சொல்கிறார்கள். அப்பாவாக இருந்தால் இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பார். வாயை மூடிக்கொண்டால் இங்கே பெட்டி தானாகத் திறந்துவிடும். திரையில் முன்னால் பேசியவர் நன்றி சொல்லிவிட்டார். ஹெல்காவின் கட்டம் பெரிதாகிவிட்டது.

திலகா, தயாரா, என்று ஹெல்கா கேட்டார். தயார் என்று சொல்லும் பழக்கத்தில் வாய் திறந்தது. மைக்கை இயக்கினேன். என் எதிரில் தாளில் பதினொன்று என்று பெரிதாக எழுதி வட்டமிட்டிருக்கிறேன், வாசிக்கும்போது தடுமாறக்கூடாது என்று. எண்ணை வாசியுங்கள் என்றார். பதினொன்று என்றேன். உறைந்ததா என்றார். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு முகம், ஒரு கட்டத்தில் யாரோ காப்பி குடிக்கிறார், நாச்சியப்பன் என் பக்கம் பார்க்கவில்லை, வாளியில் டொக்கென்று ஒரு சொட்டு. "இல்லை," என்றேன். காப்பிக் கோப்பை இறங்கியது. இல்லை என்றால், என்றார் ஹெல்கா. மூடி திறந்திருந்ததா என்று விசாரிக்க வேண்டும், விசாரிக்கும்வரை நான் இந்த எண்ணுக்குப் பொறுப்பேற்க முடியாது என்றேன். பரிசீலனையில் அது முடிந்துபோன விஷயமாயிற்றே, திட்டப்படி மூடித்தானே இருந்தது, புதிதாக என்ன ஆதாரம் என்று கேட்டார், குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது, கோபமே தேவலை. அன்று நான் கீழே நின்றபோது என் கன்னத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது என்றேன். சொல்லும்போதே எப்படி இருக்கிறது என்று எனக்கே கேட்டது. யாரோ மைக்கை அணைக்க மறந்து மூக்கால் சிரித்தார். அங்கே பைப்புகள் உண்டு திலகா, என்றார் ஹெல்கா மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போல. பைப்பாக இருக்கலாம், நான் நிமிர்ந்து பார்க்கவில்லை, பார்க்காததால்தான் நிறுத்தச் சொல்கிறேன் என்றேன். காது மடல் கொதித்தது. மூன்றாவது தடவை. இனி இந்தக் கூட்டத்தில் நான் மழை என்றால் யாரும் குடையைத் தொடமாட்டார்கள். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள், தொடரலாமா, என்று ஹெல்கா பொதுவாகக் கேட்டார். தொடரலாம் என்று இரண்டு கட்டங்களில் தலை அசைந்தது. எனக்கு அழுகை வந்தது, அம்மா அந்தப் பஸ்களில் ஏன் யாரையும் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள் என்று இத்தனை வருஷம் கழித்துத் தெரிந்தது.

நாச்சியப்பன் எழுந்தான். வெளியே போகிறான், போகட்டும், அவனுக்கு என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காது என்று நினைத்தேன். அவன் போகவில்லை. என் பக்கம் குனிந்து மைக்கை இழுத்துக்கொண்டான். என் மேலும் விழுந்தது என்று ஆங்கிலத்தில் சொன்னான். ஒரு சொட்டில்லை, சடசடவென்று. பிறகு ஸ்வெட்டரைக் கழற்றினான், வள்ளியம்மை வாங்கிக் கொடுத்த அந்த ஸ்வெட்டரை, வலது தோளைக் கேமராவுக்கு முன்னால் விரித்துப் பிடித்தான். அங்கே பழுப்பாகத் திட்டுத் திட்டாகக் கறை. நான்கு தடவை துவைத்தும் போகவில்லை, சேறு, என்றான். நம் பைப்புகளில் ஓடுவது உப்புகூட இல்லாமல் சுத்திகரித்த தண்ணீர், அது கறை பிடிக்காது, இது மேலே கிணற்று விளிம்பில் லாரிகள் மிதித்த சேறு, மழையோடு வந்தது. ஹெல்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டு அந்தக் கறையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பெட்டி மூடியே இருக்கட்டும், என்றார். திரை அணைந்தது. நாச்சியப்பன் ஸ்வெட்டர் இல்லாமல் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தான். "ஞாபகம் இல்லன்னு சொன்னேன்ல, பொய்க்கா. நீங்க கேட்டதுமே ஞாபகம் வந்துருச்சு." "தெரியும்டா." "வாயத் தொறக்க வேணாம்னுதான் இருந்தேன்." "ம்." அவன் போனை எடுத்தான், திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பத்திரிகைல வெறும் பேர் போட்டாப் போதும்னு வள்ளிகிட்ட சொல்லணும்," என்றான். ஸ்வெட்டரை எடுத்து அவன் தோளில் போட்டேன். என் மணிக்கட்டில் இன்னொரு சொட்டு விழுந்தது. துடைக்கக் கை போனது, நிறுத்திக்கொண்டு, உள்ளங்கால் கூசக் கூச நிமிர்ந்து பார்த்தேன். ஏசிதான்.